மாதச் சம்பளம் வாங்கிய விவசாயிகள்

ராஜஸ்தானின் வடகோடியில் சூரத்கர் என்று ஓர் ஊர். அனல் மின் நிலைய வேலைக்காக இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறோம். முருங்கைக்காய்க்கும் இட்லி அரிசிக்கும் அலைகிற கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய அரசாங்கப் பண்ணை ஒன்று உண்டு. 1955 கடைசியில் புல்கானினும் குருஷ்சேவும் இந்தியா வந்தார்கள் இல்லையா, அதையொட்டி சோவியத் நாடு டிராக்டர், கம்பைன் என்று ஏகப்பட்ட இயந்திரங்களை இனாமாகக் கொடுத்தது. அவற்றை வைத்து 1956 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்த பண்ணை இது. முப்பதாயிரம் ஏக்கர் பாலைவன மண். பிற்பாடு மத்திய அரசின் பண்ணைக் கழகத்தின் கீழ் இருந்து, 2014ல் அந்தக் கழகமே தேசிய விதைக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

எங்கள் குடியிருப்புக்குப் பால் ஊற்றுகிறவரின் தகப்பனார் அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ருஷ்ய டிராக்டரின் உறுதியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒரு நாள் பேச்சுவாக்கில், "வண்டியைப் பார்த்தோம், அதை ரிப்பேர் செய்ய வந்த ருஷ்யனையும் பார்த்தோம். அங்கே அவன் ஊரில் இதே வண்டியை ஓட்டினவனுக்கு என்ன சம்பளம், எந்த மாதிரி வீடு? அதை யாரும் சொல்லவே இல்லையே சாப்" என்றார்.

நியாயமான கேள்வி. நம்மில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகை ஞாபகம் இருக்கும். வழவழவென்ற காகிதம், பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட அதைவிட உத்தமமான தாள் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, அதன் நடுவே கம்பைன் மேல் நின்று சிரிக்கிற பெண். அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்தாள், மாசக் கடைசியில் கையில் என்ன வாங்கினாள் என்பதெல்லாம் படத்தில் தெரியாது. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சோவியத் விவசாயம் என்றதும் நாம் 'கூட்டுப்பண்ணை' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே இருந்தது இரண்டு வகை. ஒன்று கோல்கோஸ், அதாவது கூட்டுப்பண்ணை. இன்னொன்று சோவ்கோஸ், அரசுப் பண்ணை. கூட்டுப்பண்ணை காகிதத்தில் உறுப்பினர்களின் சொத்து. அதனால் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது! செய்த வேலை 'வேலை நாள்' கணக்கில் எழுதப்படும். அரசாங்கத்துக்கு அளக்க வேண்டியதை அளந்து, விதைக்கு எடுத்து வைத்து, கடைசியில் மிச்சம் இருந்தால் அதைப் பங்கு போடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மோசமான வருஷங்களில் ஒரு வேலை நாளுக்கு ஒரு கிலோ தானியம்கூடத் தேறாத பண்ணைகள் இருந்தன.

அரசுப் பண்ணை அப்படி இல்லை. அது வயல்வெளியில் நடத்திய தொழிற்சாலை. இயக்குநர் இருப்பார், கணக்குப்பிள்ளை இருப்பார், விவசாயி அங்கே தொழிலாளி. மாதாமாதம் ரூபிளில் சம்பளம். சம்பளத்தோடு விடுப்பு, உடம்பு சரியில்லை என்றால் அதற்கான பணம், பெண்களுக்குப் பேறுகால விடுப்பு. 1956 ஓய்வூதியச் சட்டப்படி குறைந்தது 30 ரூபிள் (1961ல் மாற்றிய புது ரூபிள் கணக்கில் சொல்கிறேன்) பென்ஷன், ஆண்களுக்கு அறுபது வயதில், பெண்களுக்கு ஐம்பத்தைந்தில். கூட்டுப்பண்ணைக்காரருக்கு நாடு தழுவிய ஓய்வூதியம் வந்ததே 1965ல்தான், அதுவும் குறைந்தபட்சம் 12 ரூபிள். மாதச் சம்பளம் போன்ற உத்தரவாதக் கூலி அவருக்குக் கிடைக்க 1966 ஆக வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் பாஸ்போர்ட். வெளிநாடு போகிற பாஸ்போர்ட் இல்லை, உள்ளூர் பாஸ்போர்ட். 1932 டிசம்பரில் கொண்டு வந்தார்கள். அது கையில் இல்லாமல் நகரத்தில் குடியிருக்க முடியாது, வேலை கிடைக்காது. யார் யாருக்கு அது உண்டு என்ற பட்டியலில் நகரவாசிகள், போக்குவரத்துத் தொழிலாளிகள், புதிய கட்டுமானங்களில் இருப்பவர்கள் என்ற வரிசையில் அரசுப் பண்ணைத் தொழிலாளியும் இருந்தார். (நடைமுறையில் எல்லா மாவட்டத்திலும் அது ஒரே மாதிரி அமலாகவில்லை என்பது வேறு.) கூட்டுப்பண்ணை விவசாயி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊரை விட்டுப் போக அவர் பண்ணைத் தலைவரிடம் சீட்டு வாங்க வேண்டும். கிராமத்தார் எல்லோருக்கும் பாஸ்போர்ட் என்ற ஆணை வந்தது 1974ல். கொடுக்க ஆரம்பித்தது 1976ல், கொடுத்து முடிக்க இன்னும் ஐந்து வருஷம். ஒரு ரயில் டிக்கெட் எடுத்தால் எந்த ஊருக்கும் பிழைக்கப் போகலாம் என்று வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு இது புரிய கொஞ்ச நேரம் ஆகும்.

ஆகவே ஐம்பது, அறுபதுகளில் நலிந்த கூட்டுப்பண்ணைகளை அரசு ஆயிரக்கணக்கில் அரசுப் பண்ணைகளாக மாற்றியபோது கிராமத்தார் பெரும்பாலும் சந்தோஷப்பட்டார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை. 1953ல் ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த அரசுப் பண்ணைகள் 1965ல் பதினோராயிரத்தைத் தாண்டின. எண்பதுகளில் 22,000க்கும் மேல். ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

சம்பளம், பென்ஷன், பாஸ்போர்ட். பிறகு என்னதான் குறை?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1928ல் நாட்டில் தானியத் தட்டுப்பாடு. ஸ்டாலின் அரசு 'தானியத் தொழிற்சாலைகள்' கட்டக் கிளம்பியது. அதில் முதல் பெரிய பண்ணைக்கு வைத்த பெயரே 'கிகாந்த்', ராட்சதன். ராஸ்தவ் பக்கம் சால்ஸ்க் புல்வெளியில் லட்சம் ஹெக்டேரைத் தாண்டிய பண்ணை. அமெரிக்க டிராக்டர்கள் வந்தன, அமெரிக்க நிபுணர்களும் வந்தார்கள். 1929ல் மாக்சிம் கார்க்கி போய்ப் பார்த்தார். ஆனால் பார்வையாளர்கள் திரும்பிப் போன பிறகு தொழிலாளி தூங்கப் போனது நெரிசலான கொட்டகைக்கு. உதிரிபாகம் இல்லாமல் டிராக்டர்கள் நின்றன. ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குப் போகவே அரைநாள் ஆகிற வயலை மேற்பார்வை பார்க்க ஆளில்லை. சில வருஷங்களிலேயே ராட்சதனைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அரசுப் பண்ணை என்ற பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருந்தது என்பதற்கு இன்னொரு உதாரணம். கசாக்ஸ்தானின் கராகந்தா பகுதியில் பல லட்சம் கைதிகள் அடைபட்டிருந்த கார்லாக் முகாம், 1930ல் ரகசியப் போலீசின் 'கிகாந்த் அரசுப் பண்ணை' என்ற பெயரில்தான் ஆரம்பமானது. கைதிகள் அங்கே கோதுமை விதைத்தார்கள், ஆடு மேய்த்தார்கள். சம்பளத் தொழிலாளியின் பண்ணைக்கும் கைதியின் பண்ணைக்கும் ஒரே பெயர்!

சம்பளத் தொழிலாளிக்கும் முழுச் சுதந்திரம் இருந்ததாக நினைக்க வேண்டாம். 1940 ஜூனில் ஒரு ஆணை. அரசு நிறுவனங்களில் வேலை செய்பவர் தன்னிஷ்டத்துக்கு வேலையை விட்டால் இரண்டிலிருந்து நான்கு மாதம் சிறை. வேலைக்கு வராமல் போனால் ஆறு மாதம் வரை கட்டாய உழைப்பு, அதில் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடித்தம். இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதமாக வந்தாலும் 'வரவில்லை' கணக்குதான். டிராஃபிக் ஜாம் என்று மேனேஜரிடம் சொல்லிச் சமாளிக்கிற நம்மில் எத்தனை பேர் வெளியே இருப்போம் என்று தெரியவில்லை :-) போர் முடிந்து பதினோரு வருஷம் கழித்து, 1956ல்தான் இதை ரத்து செய்தார்கள்.

இனி குருஷ்சேவின் காலம். 1954 வசந்தத்தில் கசாக்ஸ்தானிலும் தென் சைபீரியாவிலும் உழவே படாத புல்வெளியை உழுவது என்று முடிவானது. 'கன்னி நிலம்' இயக்கம். மாஸ்கோ, லெனின்கிராட், உக்ரைன் என்று பல இடங்களில் இருந்து லட்சக்கணக்கான இளைஞர்கள் ரயில் ஏறினார்கள். அக்மோலின்ஸ்க் போன்ற சின்ன ஊர்களில் இறங்கியபோது பனி உருகியிருக்கவில்லை. அங்கிருந்து டிராக்டர் இழுத்த சறுக்கு வண்டியில் ஏற்றி, ஒரு வெட்டவெளியில் குச்சி நட்டிருந்த இடத்தில் இறக்கி, "இதுதான் உங்கள் பண்ணை" என்றார்கள். வீடு? கூடாரம். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் சக்கரம் வைத்த மரப்பெட்டி. மண்ணைத் தோண்டி மேலே கூரை போட்ட குழிவீட்டில் குளிர்காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி போகிற ஊர் அது. குடிதண்ணீர் தொட்டி வண்டியில் வரும், பனிப்புயல் என்றால் வராது. முதல் இரண்டு வருஷத்தில் கசாக்ஸ்தானில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட புதிய அரசுப் பண்ணைகள். பலவற்றுக்கு, வந்தவர்கள் விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்தார்கள்: மாஸ்கோப் பண்ணை, கீவ் பண்ணை என்று. (பெங்களூரில் நம்மவர்கள் கடைக்கு மதுரை, கும்பகோணம் என்று பெயர் வைப்பது நினைவுக்கு வருகிறதா?)

வந்தவர்கள் வெற்று நிலத்துக்கு வரவில்லை. கசாக் மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய மேய்ச்சல் நிலம்தான் உழப்பட்டது. 1941ல் நாடு கடத்தப்பட்ட வோல்கா ஜெர்மானியர்கள், 1944ல் கடத்தப்பட்ட செச்சென், இங்குஷ் மக்கள் அங்கே போலீஸ் கண்காணிப்பில் இருந்தார்கள். தொண்டர்களுக்குப் பதக்கம் உண்டு, புகைப்படம் உண்டு. அதே வயலில் டிராக்டர் ஓட்டிய ஜெர்மானியர் 1955 கடைசி வரை அனுமதி இல்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது.

1956ல் அமோக விளைச்சல். நாட்டின் மொத்தத் தானியம் சுமார் 12.5 கோடி டன், அதில் பாதிக்கு மேல் கன்னி நிலத்தில் இருந்து. ஆனால் கிடங்கு கட்டவில்லை, சாலை போடவில்லை. மலை மலையாகக் கொட்டி வைத்த கோதுமை திறந்த வெளியில் நனைந்து, சூடேறி, புழுங்கியது. குழிவீட்டில் படுத்து அதை விளைவித்தவர்களின் கண் முன்னால்!

அடுத்து மண் பழிவாங்கியது. மொத்தம் நான்கு கோடி ஹெக்டேருக்கு மேல் உழுதாகிவிட்டது. வருஷா வருஷம் கோதுமை மேல் கோதுமை. ஷர்தந்தியில் இருந்த அலெக்சாண்டர் பராயேவ் என்ற விஞ்ஞானி, நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாகப் போடுங்கள், மண்ணைப் புரட்டாமல் தாளை மேலேயே விட்டு உழுங்கள் என்று மன்றாடினார். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்கிற நம் பழமொழி செல்லாத மண் அது, புரட்டினால் காற்று அள்ளிக்கொண்டு போகும். தரிசு போட்டால் திட்டக் கணக்கு குறையுமே? குருஷ்சேவ் அவரைத் திட்டித் தீர்த்தார். அறுபதுகளின் ஆரம்பத்தில் புழுதிப் புயல்கள் பல லட்சம் ஹெக்டேர் மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு போயின. 1963ல் விளைச்சல் படுத்து, சோவியத் நாடு கனடாவிடம் கோதுமை வாங்கியது. பராயேவுக்கு 1972ல் லெனின் பரிசு கொடுத்தார்கள்.

எதை எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்பது பண்ணையில் தீர்மானம் ஆகாது, மேலிருந்து வரும். மண் ஈரமாக இருக்கிறதா என்பது டிராக்டர்காரருக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்க மாட்டார்கள். அவர் கூலி உழுத ஹெக்டேர் கணக்கில். டீசல் மிச்சம் பிடித்தால் போனஸ். அப்புறம் என்ன செய்வார்? கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டால் வண்டி லேசாக ஓடும், டீசல் மிச்சமாகும், ஹெக்டேர் கூடும். வாய்க்கால் ஓரம் ஆழம், நடுவே கீறல். விளைச்சலுக்கும் அவர் சம்பளத்துக்கும் முடிச்சு இல்லை. இது சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை, அந்தச் சம்பள விதி அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம். இன்னொரு கூத்தும் உண்டு. கடையில் ரொட்டி விலை வெகு மலிவு, தீவனம் கிடைப்பது கஷ்டம். எனவே மூட்டை மூட்டையாக ரொட்டி வாங்கிப் பன்றிக்குப் போட்டார்கள். 1956லேயே தடை போட்டும் கடைசி வரை நிற்கவில்லை.

எழுபதுகளில் பண்ணை வாழ்க்கை நிச்சயம் முன்னேறியிருந்தது. சம்பளம் 1970ல் சராசரியாக மாதம் நூறு ரூபிள், 1980ல் நூற்றைம்பதுக்கு அருகில். நகரத்துக்காரரை விடக் குறைவு, ஆனால் பட்டினி இல்லை. பண்ணையின் தலைமைக் குடியிருப்பில் அலுவலகம், பள்ளிக்கூடம், கடை, சினிமா போடும் மன்றம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் இருக்கும். வீடு பண்ணையுடையது. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதன் சௌகரியமும் தெரியும், கயிறும் தெரியும். ஆனால் எண்பதுகளில்கூடப் பெரும்பாலான கிராம வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கழிப்பறை கொல்லைப்புறத்தில், பனியில் நடந்து போக வேண்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சாலை முழுக்க முழங்கால் சேறு, டிராக்டரைத் தவிர எதுவும் நகராது.

இருப்பதிலேயே கடினமான வேலை பெண்களுக்கு. டிராக்டர், கம்பைன் எல்லாம் ஆண்களிடம் (பத்திரிகைப் படத்தை மறந்துவிடுங்கள்). பால் கறப்பவள் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத் தொழுவத்தில் இருக்க வேண்டும். மதியம் வீட்டுக்கு வந்து சமையல், துணி, சொந்தத் தோட்டம். சாயங்காலம் மறுபடி தொழுவம், திரும்ப இரவாகிவிடும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏது? கறவை இயந்திரம் வரும் வரைக்கும் கையால்தான். விரல் முட்டு வீங்கி, நாற்பது வயதில் கை மடக்க முடியாதவர்கள் ஏராளம்.

இத்தனைக்கும் நடுவில் குடும்பத்தை நிமிர்த்தியது அந்தச் சொந்தத் தோட்டம்தான். கால் ஹெக்டேருக்கு அப்படி இப்படி ஒரு துண்டு, ஒரு பசு, ஒரு பன்றி, கோழிகள். கூட்டுப்பண்ணை, அரசுப் பண்ணை எல்லாவற்றிலும் சேர்த்து இந்தத் துண்டு நிலங்கள் நாட்டின் விதைப்பு நிலத்தில் 3 சதவீதம். அங்கிருந்து வந்தது மொத்த விவசாய உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு, உருளைக்கிழங்கில் பாதிக்கு மேல்! பண்ணை வயலில் கலப்பையைத் தூக்கிப் பிடித்த அதே ஆள், வீட்டுக் கொல்லையில் கையால் எரு சுமந்து கொட்டினார். அதையும் விட்டு வைக்காமல் 1958-59ல் பசுக்களைப் பண்ணைக்கு விற்றுவிடும்படி நெருக்கினார்கள். குருஷ்சேவ் பதவி இழந்த பிறகே அந்தக் கெடுபிடி தளர்ந்தது.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பட்டாளத்துக்குப் போன பையன் திரும்பி வரவில்லை, நகரத்தில் ஆலை வேலை பிடித்துக்கொண்டான். பெண் டவுனில் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். 'எதிர்காலம் இல்லாத கிராமங்கள்' என்று ஒரு பட்டியலே போட்டு, சின்ன ஊர்களின் பள்ளியையும் கடையையும் மூடி, ஜனங்களைத் தலைமைக் குடியிருப்புக்கு நகர்த்தியது அரசு. நகர்த்தப்பட்டவர்கள் அங்கே நிற்காமல் நகரத்துக்கே போனார்கள். ஆள் பற்றாக்குறைக்கு வைத்தியம்? செப்டம்பர் வந்தால் கல்லூரி மாணவர்கள், ஆராய்ச்சிக்கூட எஞ்சினியர்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கிழங்கு தோண்ட அனுப்பினார்கள். உஸ்பெகிஸ்தானில் பள்ளிக்கூடத்தை மாதக்கணக்கில் மூடிப் பிள்ளைகளைப் பருத்தி எடுக்க விட்டார்கள், இலை உதிர்வதற்காக விஷ மருந்து தெளித்த வயல்களில்.

வேறு வழி இருந்ததா? ஒருவர் செய்து காட்டினார். இவான் குதென்கோ. கசாக்ஸ்தானில் அரசு நிதிப் பொறுப்பில் இருந்தவர், நாற்காலியை விட்டுப் பண்ணைக்கு வந்தார். அறுபதுகளில் இலீய்ஸ்கி பண்ணையிலும், பிறகு அக்சீ என்ற பண்ணையிலும் அவர் செய்தது மிக எளிமையான காரியம். சின்னச் சின்னக் குழுக்கள். குழுவிடம் நிலத்தையும் இயந்திரத்தையும் ஒப்படைத்துவிடுவது, எப்படிச் செய்வது என்பது அவர்கள் பாடு, சம்பளம் கடைசி விளைச்சலுக்கு. நிர்வாகிகள் இரண்டொருவர் போதும். பல மடங்கு ஆட்கள் செய்த வேலையைக் கொஞ்சம் பேர் முடித்தார்கள், செலவு சரிந்தது, சம்பளம் பல மடங்கு ஏறியது. கலப்பையைத் தூக்கிப் பிடிக்க இப்போது யாருக்கும் காரணம் இல்லை.

சிக்கல் அங்கேதான். இது சரி என்றால், மற்றப் பண்ணைகளில் உட்கார்ந்திருக்கும் அத்தனை அதிகாரிகளும் எதற்கு? 1970ல் அக்சீ சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். செய்த வேலைக்குச் சம்பளம் தரவில்லை. குதென்கோ அதைக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கையே அரசுச் சொத்தைத் திருட முயன்ற குற்றமாகத் திருப்பி, ஆறு வருஷம் சிறை என்று தீர்ப்பானது. 1974 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவர் எழுதிக் கேட்டது தொழிலாளிகளின் சம்பளப் பாக்கியை என்பதைப் படித்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

பால்காரரின் தகப்பனாருக்கு இதையெல்லாம் என் அரைகுறை இந்தியில் சொன்னேன். குதென்கோவைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டார்.

சோவியத் ஒன்றியம் கலைந்த கையோடு, 1991 கடைசியில் ருஷ்யாவில் எல்லாப் பண்ணைகளும் ஒரு வருஷத்துக்குள் மறுபதிவு செய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. நிலம் பங்குகளாகத் தொழிலாளிகள் பேருக்கு எழுதப்பட்டது. மாஸ்கோ ஓரத்தில் ஸ்ட்ராபெர்ரி விளைவிக்கும் 'லெனின் அரசுப் பண்ணை' தனியார் கம்பெனியான பிறகும் பழைய பெயரைக் கழற்றவில்லை. அதன் தலைவர் கிருதீனின் 2018ல் புதினை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்று இரண்டாவதாக வந்தார். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் நிலம் இருக்கிற பண்ணைக்கு அந்த அதிர்ஷ்டம். கசாக்ஸ்தானில் ஜெர்மானியர்கள் ஜெர்மனிக்கும், ருஷ்யர்கள் ருஷ்யாவுக்கும் கிளம்ப, கன்னி நிலக் கிராமங்கள் பலவும் காலியாகின. தொண்டர்கள் பனியில் வந்து இறங்கிய அக்மோலின்ஸ்க் தான் இன்றைய அஸ்தானா.

மற்ற இடங்களில், வருஷக்கணக்கில் சம்பளம் நின்றது. பணம் இல்லாத பண்ணைகள் கோதுமையாகவும் மாவாகவும் சர்க்கரையாகவும் அளந்தன. ஜனங்கள் அதை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாதியைப் பசுவுக்கும் பன்றிக்கும் வைத்தார்கள். கொல்லையில் கிழங்கு போட்டார்கள்.